இரண்டாவது ஐஸ்

கடன் படிவத்தின் நாலாம் பக்கத்தில்
'இடர்கள்' என்றொரு கட்டம்.
மார்கழி வெள்ளம் எழுதினேன்.
வாடைக் கடல், டீசல் விலை,
மன்னம்பிட்டியில் தண்ணீர் றோட்டை மூடும் இரவு:
மீன் கொழும்புக்குப் போகாது, காசும் வராது.

ஐஸுக்கு மட்டும் பயமில்லை என்றேன்.
குகதாசனின் ஆலை நின்றால்
ஓட்டமாவடியில் ஜுனைதீனின் ஆலை.
வங்கிப் பெண் தலையாட்டிச்
சரி போட்டாள்.

தையில் ஒரு வியாழன்.
வாழைச்சேனைத் துறைமுகத்தில்
விடியுமுன் நாலு படகு,
என் கணக்கில் மூவாயிரம் கிலோ சூரை.
அமோனியா வந்து சேரவில்லை, மெசின் ஓடாது
என்றான் குகதாசன்.
ஜுனைதீனுக்கு அடித்தேன்.
அவரும் அதையே சொன்னார்,
அதே சொற்களில்.

இரண்டு ஆலைக்கும்
சிலிண்டர் ஏற்றுவது ஒரே லொறி.
இஸ்மத் என்றொரு சாரதி
ஹபரணையில் அச்சு முறிந்து
வீதியோரக் கடையில்
பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.
அவனை நான் பார்த்ததேயில்லை.
என் படிவத்தில் அவனுக்கு
ஒரு வரிகூட இல்லை.

வெயில் ஏறியது.
சூரையைக் கருவாட்டுக்குக் கீறச் சொன்னேன்.
உப்பு மூட்டைகளோடு வந்த பொடியனிடம்
இது எங்கிருந்து வருகிறது,
ஆர் ஏற்றுகிறார்கள் என்று
முதன்முதலாகக் கேட்டேன்.