நிறுவை

பள்ளக்காட்டு வாசலில் என் அறை.
சிவப்பு எண் மின்னும் பெட்டி, கோடு போட்ட கொப்பி.
லொறி ஏறும். எண் நிற்கும். எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும். கழிப்பேன்.
மிஞ்சுவதுதான் கல்முனை,
மிஞ்சுவதுதான் சாய்ந்தமருது, அன்றைக்கு.

எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம்
என் பக்கங்களும் மெலிந்தன.
பால்மா உறை இல்லை, கேக் பெட்டி இல்லை,
மீன்தலையைக்கூட ஒருவரும் எறியவில்லை.
யானைகள் வேலியோரம் வந்து பார்த்து
கைமாற்றுக் கேட்டுக் கிடைக்காத ஆட்களைப்போல
திரும்பிப் போயின.

இப்போது நாடு வளர்கிறதாம்.
இத்தனை வீதம் என்கிறது வானொலி.
எனக்கு அது முதலே தெரியும்.
ஒரு வெள்ளிக்கிழமை ரெஜிபோம் வந்தது,
லொறி நிறைய, வெள்ளைவெளேரென்று,
நிறையே இல்லாமல்.
ஊருக்குள் புது டீவிகள் இறங்கிவிட்டன என்று
அன்றே எழுதியிருக்கலாம் நான்.
அதில் ஒரு துண்டு என் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்தது;
றிபாய் கையெழுத்துப் போட்ட சீட்டு
மூலையில் இன்னும் ஒட்டியிருந்தது.
பிறகு மண்டபத்துச் சோற்றுத் தட்டுகள்,
பாதி தின்ற கோழிகள்.
யானைகளும் வந்துவிட்டன.
சொப்பிங் பையோடு சேர்த்தே விழுங்குகின்றன,
முடிச்சவிழ்க்க அவற்றுக்கு நேரமில்லை.

பஸீனா மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறவள்.
நாடு பட்டினி கிடந்த வருடம்தான்
மகளுக்குத் தோடு வாங்கினாள்.
கப்பல் வரவில்லை, கடதாசி இல்லை,
பழைய அட்டைக்குக் கம்பனிக்காரன் கெஞ்சினான்.
இப்போது கப்பல் வருகிறது.
அட்டை மலையாய்க் கிடக்கிறது, விலை மடுவில்.
தோடு சம்மாந்துறையில், அடகுக் கடையில்.
"நாடு நல்லா வந்தா எனக்கென்னவோ
கை காயுது, மிஸ்" என்பாள்,
போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே.

மாதக் கடைசியில் ஒரு படிவம் வரும்.
வந்தது எத்தனை தொன். மீட்டது எத்தனை.
நேற்று அவளையே மேடையில் ஏறச் சொன்னேன்,
முதுகு மூட்டையோடு.
அறுபது.
மூட்டையை இறக்கிவைத்து ஏறச் சொன்னேன்.
அறுபது.

இருபது இருபதாய்த்தான் எண்ணும் இந்தத் தராசு.
லொறிகளுக்காகச் செய்தது.
இடையில் உள்ளது அதற்குத் தெரியாது.

"அப்ப, விடியத்தொட்டு நான் பொறுக்கினது?"
என்று கேட்டுச் சிரித்தாள்.
நான் பேனை மூடியைக் கடித்தேன்.
பின்னால் சாய்ந்தமருது லொறி ஹோன் அடித்தது.
அவள் மூட்டையைத் தூக்கினாள்,
ஒரு பக்கம் சாய்ந்து,
இரண்டாம் முயற்சியில்.