பவர் சப்ளையில் மட்டும் கை வைக்காதே

ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மேல்மாடிக் கடையில்
பழைய பில்லின் முதுகில் கூட்டிக் கழிக்கிறோம்
நானும் ரொஷாந்தனும்.
கையில் ஒரு லட்சத்துப் பத்து.

கண்ணாடிக் கேஸ் வேண்டாம்.
வண்ண விளக்கு வேண்டாம்.
புரொசசரோடு வரும் கூலரே போதும்
நம்ம டிவிஷன் குளிருக்கு.
ரேம் எட்டு; இன்னொரு எட்டு
தீபாவளி அட்வான்சில்.

கிராபிக்ஸ் கார்ட் பழையது.
கொழும்பில் யாருக்கோ
இரவு பகலாய்க் காசு தோண்டியதாம்.
"களைச்சிருக்கும்" என்றான் ரொஷாந்தன்.
விசிறியைச் சுண்டினேன்.
சுற்றியது.

பவர் சப்ளை மட்டும் புதுசு.
எங்கள் லயத்தில்
யாராவது கேத்தல் போட்டால்
எல்லா வீட்டு பல்பும் கண் சொருகும்.

மூன்று தரம் கூட்டியும்
அறுநூறு ரூபா மிச்சம்.

"மொனிட்டர்?" என்றார் கடைக்காரர்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
எங்கள் வீட்டு டிவி
சீரியல் முடிந்து சும்மாயிருக்க
ஒன்பதரை ஆகும்.