நூற்றுப் பதினேழாம் வரி

ஜௌபர் காக்கா சாக்கோடு வந்து கொட்டினார்.
மூடிப்போன லோன் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள்,
கிலோக் கணக்கில் எடுத்தாராம்.
"போர்டுக்குள்ள பொன் கிடக்கு தம்பி,
ஆசிட்டில போட்டாக் கழரும்.
மற்றதெல்லாம் உனக்கு."
போன மாதம் அவர் ஆசிட் ஊற்றிய வாய்க்காலோரம்
வல்லாரை இன்னும் முளைக்கவில்லை.

மற்றது என்றால்
விசிறி, வயர், எலிப்புழுக்கை,
ஓடு உடையாத ஒரு பல்லிமுட்டை,
ஒரு ஹார்ட் டிஸ்க்.

செத்திருக்கும் என்றுதான் கொழுவினேன்.
சுற்றியது.
பாஸ்வேர்ட் கூட இல்லை.
"கல்முனைக் குழுக்கள் கடைசி" என்றொரு கோப்பு,
அதற்குப் பிறகு "கடைசி 2",
மறுகா "மெய்யாகவே கடைசி".

இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்கள்.
அடையாள அட்டை முன்னும் பின்னும்,
பெருவிரல் ரேகை,
எவள் புருஷன் கட்டாரில்,
எவள் எத்தனை மணிக்குத் தையலுக்குப் போகிறாள்,
வீட்டுக்கு வழி:
கோயில் தாண்டி நீலக் கேற், நாய் உண்டு.
ஓரத்தில் சிவப்பெழுத்தில் குறிப்பு:
அழுகிறார்.
ஒளிகிறார்.
அம்மா இல்லையென்று பிள்ளையைச் சொல்லவைக்கிறார்.

மூன்றாம் நாள் ஹெல்மெட் கழற்றாமல் ஒருவன் வந்தான்.
"லிஸ்ட் ஒண்டு கிடக்காமே, நாப்பதாயிரம் தாறன்,
புதுக் கம்பெனி, புது வட்டி."
இதுக்கெல்லாம் சட்டம் வந்திருக்காமே என்றேன்.
"சட்டம் கொழும்பில அண்ணே,
நாம கல்முனையில."
கடைவாடகை இரண்டு மாதம் நிலுவை.
நாளைக்கு வா என்றேன்.
அப்படித்தான் சொன்னேன், மறைப்பானேன்.

அன்றிரவு விலைபேசும் சரக்கை எண்ணுகிறவன்போல
வரிவரியாய் இறங்கினேன்.
நூற்றுப் பதினேழு.
தவமலர், பாண்டிருப்பு.
படத்தில் கலியாணத்துக்கு நான் எடுத்த சேலை.
ஒரு லட்சத்து இருபதாயிரம்.
தேதியைப் பார்த்தேன்.
சீட்டு விழுந்ததென்று சொல்லி
என் கையில் காசு தந்த கிழமை.
அந்தக் காசில் வாங்கிய சூடூதி மெஷின்தான்
இப்போதும் மேசையில் ஊதிக்கொண்டிருந்தது.

குறிப்பு: கணவருக்குத் தெரியாது.
பகலில் மட்டும் போகவும்.

எத்தனை பகல்.
எத்தனை பேர் அந்த முற்றத்தில் குந்தியிருந்தார்கள்,
நான் இங்கே யாருடையவோ ஃபோனின்
தண்ணீர் உலர்த்திக்கொண்டிருந்தபோது.
சட்டியில் மீன் குறைந்த மாதங்களை
விலைவாசி என்றாள். நம்பினேன்.

துளைப்பானை எடுத்தேன்.
மூன்று ஓட்டை.
தட்டு கண்ணாடிபோல் மினுங்கி,
என் நெற்றியைக் காட்டி, கீறுப்பட்டு நின்றது.
ஹெல்மெட்காரனுக்கு நாளை
டிஸ்க் செத்துட்டு என்பேன்; பொய்யுமில்லை.
ஆனால் அவன் வேறு கடைக்குப் போவான்.
"கடைசி"க்கு எத்தனை பிரதி இருக்கிறதோ.

ஓட்டை விழுந்த இரும்பு
மாநகரசபை ட்ராக்டரில் பள்ளக்காட்டுக்குப் போகும்.
அங்கே யானைகள் தும்பிக்கையால்
பொலித்தீனைப் பிரித்துச் சோறு தேடும்.
வயரும் போகும் வயிற்றுக்குள், பேட்டரியும் போகும்.
இரண்டாயிரம் பெண்களின் விரல்ரேகையை
எந்த யானை மிதிக்குமோ.

நான் படித்ததை
எதைக் கொண்டு துளைப்பது?
கேட்காமல் தெரிந்துகொண்டதை
அவளிடம் எந்தக் கையால் திருப்பிக் கொடுப்பது?

கடையைப் பூட்டினேன்.
மதகு தாண்டி இடது,
கிணற்றுக்கட்டு உடைந்த வீடு,
வாசலில் முருங்கை.
வழியைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

பகலில் மட்டும் போகவும் என்றிருந்தது.
நான் இரவில் போனேன்.