தகப்பன் தொழில்

லிஃப்டுக்கு ஒரு சாவி உண்டு. பித்தளை.
அஸ்வானிலிருந்து கெய்ரோ வந்த நாள்முதல்
அப்பாவின் இடுப்பில் தொங்குகிறது.
ஒன்பது மாடிக்கும் பூட்டித் திறப்பவர் அவர்.
நாங்கள் ஏறுவது படியில்.

யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை.
கேஸ் சிலிண்டர் லிஃப்டில் போகும்,
அதைத் தெருவிலிருந்து சுமந்துவந்த என் தம்பி போகமாட்டான்.
சிலிண்டருக்கு முன்னால் ஏழாம் மாடிக்கு ஓடி
கதவருகே நிற்பான்,
மூச்சு வாங்குவது தெரியாமல் வாயை மூடிக்கொண்டு.

படிக்கட்டின் அடிவயிற்றில் எங்கள் அறை.
சாய்ந்த கூரை. நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு மூலை.
அங்கே நின்றுதான் சட்டம் படித்தேன்.
கரண்ட் போன இரவுகளில்
கட்டடமே என் தலைமேல் இறங்கும்.
காலடி கேட்டு ஆள் சொல்வேன்:
இரண்டாம் மாடி மருத்துவருக்கு இடது குதிகால் தேய்ந்தது.
ஐந்தாம் மாடி இன்ஜி எட்டுப் படி வேகமாக வருவாள்,
பிறகு நிற்பாள்,
எதையோ மறந்தவள் மாதிரி.

பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவாள்.
தக்காளி, ரொட்டி,
ரொட்டிக்கு அடியில் ஒரு பாக்கெட் சிகரெட்.
மிச்சக் காசு உனக்கு என்று மேலிருந்தே கையசைப்பாள்.
எடுத்துக்கொள்வேன். அவளைப் பிடிக்காது எனக்கு.
நான்கு வருடமாக நவால் என்றே கூப்பிட்டாள்.
நவ்வாரா, மதாம், என்று திருத்துவதை
நானும் எப்போதோ விட்டிருந்தேன்.

மார்ச்சில் ஒருநாள் கூடையில் பணமில்லை.
ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது.
மறுநாள் பூட்ஸ். அதற்கு மறுநாள்
துண்டில் சுற்றிய பட்டச் சான்றிதழ்.
ஒரே வாரத்தில் எங்கள் கட்டிலுக்கடியில்
ஒரு வீடு சேர்ந்துவிட்டது.
அப்பா பார்த்தார்.
அன்றிலிருந்து விளக்குமாறு
கட்டிலுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றது.

பாஸ்போர்ட் அவர் இழுப்பறையில் இருந்தது என்றாள் இன்ஜி,
முதல்முறையாக எங்கள் வாசலில் குனிந்து.
பூட்டை எதால் நெம்பினாய் என்று கேட்கவில்லை.
மணிக்கட்டில் கீறல்.
உள்ளே வந்தவள் கூரையில் தலையை இடித்துக்கொண்டாள்.
மன்னித்துவிடு என்றாள்,
கூரையிடம்.

பாங்கொலிக்கு முன்பே போனாள். லிஃப்ட் சத்தம் போடும்.
சாமான்களை நான் தூக்கினேன்; டாக்ஸிக் கதவை
நெஞ்சோடு அணைத்து மெல்லச் சாத்தினேன்.
இந்த முறையும் நவால் என்றுதான் சொன்னாள்.

எட்டு மணிக்கு ஹாஸிம் பாஷா சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி வந்தார்.
எந்தப் பக்கம் போனாள்? யார் வண்டி?

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார்.
இருபத்திரண்டு வருடம்.
யார் வரவு, யார் போக்கு,
எந்தச் சுவருக்குப் பின்னால் அழுகை, எந்தப் பையில் பாட்டில் குலுங்கியது,
எல்லாம் அவர் காதில் வரவு வைத்திருக்கிறது.
கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தும் இருக்கிறார்.
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

"தூங்கிப்போனேன், பாஷா" என்றார்.

அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

சாவியை வாங்கிக்கொண்டார்கள்.
மாத முடிவுவரை அறை.
அப்பா உட்காரும்போதெல்லாம்
இடுப்புப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டே உட்காருகிறார்,
இல்லாத பித்தளை குத்தாமலிருக்க.

வியாழக்கிழமை அரசு வழக்கறிஞர் பணிக்கு விண்ணப்பம்.
தகப்பன் பெயர்: ஷாத்லி.
தகப்பன் தொழில்:
கவுன்டர்க்காரன் பேனாவை எட்டிப் பிடித்தான்.
நல்லவன்தான், குரலைத் தாழ்த்தினான்:
கட்டட மேற்பார்வையாளர் என்று போடு பெண்ணே,
உன் மதிப்பெண்ணுக்கு இது ஒன்றுதான் தடை.

பொய்யாகிவிடும் என்பதில்லை பயம்.
பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.
வாயிற்காவலர் என்று எழுதினேன்.
அழுத்தியதில் கீழிருந்த தாளிலும்,
யாரோ இன்னொருவரின் விண்ணப்பத்திலும்,
நிறமில்லாமல் பதிந்தது.

படியிறங்கினேன்.
இரண்டு மாடி வந்த பிறகுதான் உறைத்தது:
மேலே லிஃப்ட் திறந்தே நின்றது,
சாவி கேட்க அங்கே ஆளே இல்லை.