பன்னிரண்டாவது தட்டு

ஹீயுமா தீவின் அநாதை விடுதியில்
நாங்கள் பதினொரு பேர்.
தட்டுகள் மட்டும் பன்னிரண்டு.
சமையற்காரி சால்மே கணக்கில் கெட்டி.
ஆனாலும் தினமும் ஒரு தட்டு கூடவே கழுவுவாள்,
யாரையும் எதுவும் கேட்க மாட்டாள்.

அடுப்புக்குப் பின்னால் இருந்தது அது.
ஈரக் காலுறை வாசனை, ஒரு சின்னத் தும்மல்,
அவ்வளவுதான் பேய்.
சாகிற அவசரத்தில் எதையோ விட்டுவிட்டு வந்ததாம்:
பெயரை.

ஆளுக்கோர் இரவு
எங்கள் பெயரைக் கடன் கொடுப்பதென்று முடிவானது.
லெய்டா சீட்டியடித்தால் பூட்டே திறக்கும்,
பெயரைக் கழற்றுவதா அவளுக்குக் கஷ்டம்?
காதுக்குப் பின்னால் மெல்ல ஒரு சீட்டி.
பல் விழுந்த இடம்போல ஓர் ஓட்டை. வலியில்லை.
விடிவதற்குள் திரும்ப வந்துவிடும்.

வியாழக்கிழமை என் முறை.
விடியுமுன்னே, உறைந்த கடல்மேல்
சறுக்குவண்டி வந்து நின்றது.
ஒரு மாலுமி, அவன் மனைவி,
ஒரு பையனைக் கூட்டிப்போக.
நிர்வாகி விளக்கைத் தூக்கிப் பிடித்து
என் பெயரைப் படித்தாள்.
"இருக்கேன்" என்றது அது,
கன்னம் சிவந்து, கால் முளைத்து,
என் தொப்பியையும் மாட்டிக்கொண்டு.

கோபமா? கொஞ்சம்.
நல்ல தொப்பி அது, முயல்தோல்.

அன்று ராத்திரி பத்துப் பேரும்
தங்கள் பெயரிலிருந்து ஆளுக்கோர் எழுத்தைக்
கிள்ளித் தந்தார்கள்.
சேர்த்துச் சொன்னால் யார் வாயிலும் நுழையாது.
சால்மேக்கு மட்டும் எப்படியோ வருகிறது,
கஞ்சி ஊற்றும்போது கூப்பிடுகிறாள்.

இன்னமும் பன்னிரண்டு தட்டுதான் வைக்கிறாள்.
நேற்று அடுப்புப் பக்கம் யாரோ தும்மினார்கள்.
என் மூக்கை ஒருமுறை
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.