ஏழாவது தாழி

மூன்றாம் கடிதம் வந்த அன்று
ஊரில் மறுபடியும் இருட்டு.
தாமிரக் கம்பியை யாரோ அறுத்திருந்தார்கள்.
யாரோ என்ன யாரோ,
எல்லா வாயிலும் ஒரே பெயர்தான்:
மால்காஸ்.
ஜும்பெரின் மூத்தாள் மகன்.
பதினாறு வயது, ஒடிசல்,
இடது காது கேட்காது.

முந்தின வாரம் எலிகோ வீட்டுச் சாராய அண்டாவின் மூடி.
அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்து மணி.
"பாம்புக்குப் பால் வார்க்கிறாய், நாசிப்ரோலா"
என்றாள் எலிகோ வேலிக்கு அந்தப் பக்கம்,
பாவாடையில் வால்நட் கொட்டைகளை ஏந்திக்கொண்டு.
நான் மாற்றாந்தாய்.
ஆமாம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் குற்றம்.
எந்தப் பக்கம் என்று தெரியாதபடி
தலையை ஆட்டிவைத்தேன்.

லாரிக்கார அபிபோ கொடுத்ததாகச் சொல்லி
அவன்தான் உறையை மேசையில் வைத்தான்.
தபால்தலை இல்லை.
உள்ளே எண்ணெய் மணக்கும் ரூபிள்கள்,
கோடு போட்ட தாளில் நான்கு வரிகள்:

     ரஸ்தோவில் பனி.
     கட்டட வேலை கிடைத்திருக்கிறது.
     வர நாளாகும்.
     பையனுக்குக் காது ஆறிவிட்டதா?

இன்ஸ்பெக்டர் ரெவாஸ்
மெழுகுவத்தியருகே பிடித்து இரண்டு தரம் வாசித்தார்.
திராட்சை மிதித்த இரவில் காணாமல் போனவன்
உயிரோடு இருக்கிறான், எழுதுகிறான், பணம் அனுப்புகிறான்.
வேறென்ன வேண்டும் ஒரு ஃபைலை மூட?
எங்கள் மதுவில் ஒரு குவளை குடித்தார்.
இந்த வருஷம் கொஞ்சம் புளிப்பு என்றார்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு.
ஜும்பெர் கைநாட்டு.
மலைக்கு மேலே ஆட்டுக்கூட்டத்தோடு வளர்ந்தவன்.
கூட்டுப்பண்ணைச் சம்பளப் பட்டியலில்
அவன் போட்ட சுழியைக்
கையெழுத்து என்று நம்பியது ஊர்.
செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு
என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வான்,
கண் வலிக்கிறது என்பான்.
கட்டிய மூன்றாம் மாதம் கண்டுபிடித்தேன்.
கண்டுபிடித்ததற்கும் அடி வாங்கினேன்.

பெற்ற மகனுக்குத் தெரியாது அது.
தெரிந்திருந்தால்
இத்தனை அழகாக எழுதியிருக்க மாட்டான்.

முதல் கடிதத்திலேயே, லகரத்தின் அந்த அதிகப்படி வளைவு,
கணக்கு நோட்டில் வாத்தியார் சுழித்துக் காட்டும் அதே வளைவு.
கம்பி எங்கே போகிறது என்று அன்றே புரிந்தது.
மூடி எங்கே, மணி எங்கே.
புரியாதது ஒன்றுதான்.
அந்த இரவு அவன் பரணில் தூங்கினான் என்றிருந்தேன்.
பலகை இடுக்கில் எவ்வளவு தெரியும்
பதினாறு வயதுக் கண்ணுக்கு?
கேட்கவில்லை.
சூப்பில் அவனுக்கு இறைச்சியை அடியிலிருந்து அள்ளிப்போட்டேன்,
அவ்வளவுதான்.

செப்டம்பரில் தாழிகளைக் கழுவ வேண்டும்.
கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்தவை, ஆளுயரம்.
இறங்கக்கூடிய உடம்பு அவனுடையது மட்டுமே.
செர்ரிப்பட்டைத் தூரிகையோடு இறங்கி
உள்ளிருந்து முனகிக்கொண்டே தேய்ப்பான்.
முனகல் நின்றால் மூச்சு முட்டிவிட்டது என்று பொருள்,
கயிற்றை இழுக்க வேண்டும்.
ஒவ்வொரு தாழிவாயிலும் குனிந்து
என் உயிரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆறாவதிலிருந்து ஏறி வந்தான்.
தூரிகையைக் கழுவிச் சுவரில் மாட்டினான்.
மூலையில், கல்மூடி போட்டு நான் களிமண் பூசியது
வெயிலில் வெடித்திருந்தது.
மண்டியிட்டு, ஈரக்களிமண் பிசைந்து,
வெடிப்பின் நீளத்துக்கும்
பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனான்.
ஒவ்வொரு அழுத்தலிலும் ரேகை.

வேலியோரம் எலிகோ குரல்:
"எத்தனை தாழி கழுவினாய், திருட்டுப்பயலே?"
கேட்காத காதுப் பக்கம்தான் கேட்டாள்.
ஆனாலும் திரும்பினான்.

"எங்களுக்கு ஆறுதான்" என்றான்.