ஆறு நிமிடம் ஓர் அலகு

ஹல் நகரம். தொண்ணூற்றெட்டு ஜனவரி.
என் மேசைமேல் மூன்று அட்டைப்பெட்டிகள்.
ஒரு புகைபோக்கியின் வழக்கு.

வக்கீல் அல்ல நான்.
வக்கீல் கேட்கும் கூலியை
நீதிபதி நம்பும்படி எழுதித் தருபவன்.
ஆறு நிமிடம் ஓர் அலகு.
ஏழு நிமிடம் பேசினால் இரண்டு.

மீனுக்குப் புகையூட்டும் கொட்டகை வைத்திருக்கும்
தெல்மா ஆக்ஸ்டபி
புதுப் புகைபோக்கிக்குக் கொடுத்தது
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது பவுண்டு.
கட்டியவர் கார்த் பிளென்கின்.
புகை மேலே போகவில்லை.
மீனெல்லாம் தார் நாற்றம்.
பணத்தைத் திருப்பிக் கொடு என்றாள்.
செங்கல் வாங்கியாயிற்று என்றார்.
ஒரு தபால்தலையோடு முடிந்திருக்கலாம்.

மூன்று வருடம் ஓடியது.
லீட்சிலிருந்து ஒரு நிபுணர் வந்து
புகை மேலே போகவில்லை என்பதை
நாற்பத்தோரு பக்கத்தில் எழுதினார்.
எதிர்த்தரப்பு நிபுணர்
பழியைக் காற்றின்மேல் போட்டார்.
தெல்மா ஜெயித்தாள்.
ஜெயித்தவள் செலவைத் தோற்றவர் தரவேண்டும்.
எவ்வளவு என்பதுதான் அடுத்த வழக்கு.

என் பட்டியல் இருபத்து மூவாயிரத்துச் சொச்சம்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
அந்த முக்காலைக் கூட்டிச் சொல்பவன் நான்.
கூட்டியதற்கான என் கூலியும்
கடைசி வரியில் ஏறிக்கொள்ளும்.

நகல் எடுத்த தாள்கள், ரயில் கட்டணம்,
'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று
ஒரே ஒரு வரிக்கு ஒரு கடிதம்
எல்லாம் எழுதி வந்தேன்
நூற்று முப்பத்தேழாம் உருப்படி வரை.
வக்கீல் பெரில் ஸ்டாதர்டின் கையெழுத்து, பென்சிலில்:
'கட்சிக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.
பதினெட்டு நிமிடம்.
பேசவில்லை.
பின்னால் கடற்காகங்கள் கத்தின.'

இதை எந்தத் தலைப்பில் போடுவது?
ஆலோசனையா? அறிவுரையா?
ஒரு ராத்திரி தள்ளிப் போட்டேன்.
விடிந்ததும் மூன்று அலகு என்று எழுதினேன்.

எதிர்த்தரப்பில் என்னைப் போலவே ஒருவன் இருக்கிறான்,
சிவப்பு மையில் பிழைப்பவன்.
எழுதியிருந்தான்:
'மௌனத்துக்கு வக்கீல் தேவையில்லை. பூஜ்யம்.'

மார்ச்சில் விசாரணை.
நூற்றுமுப்பத்தாறு உருப்படிகளை
வெங்காயம் நறுக்குவதுபோல் நறுக்கி வந்த நீதிபதி
இங்கே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'முதல் ஆறு நிமிடம்
அவள் பேசுவாளென்று காத்திருந்தது; நியாயம்.
மீதிப் பன்னிரண்டும் கருணை.
கருணையின் செலவைத்
தோற்றவர் தலையில் கட்டமுடியாது.'
ஓர் அலகு அனுமதி.
பெரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தேறியது பதினாறாயிரத்து ஐந்நூறு.
மிச்சத்தைத் தெல்மாவே தரவேண்டும், தன் வக்கீலுக்கு.
ஜெயித்ததற்கு.

பிளென்கினிடம் வீடில்லை, ஒரு வேன் உண்டு.
மாதம் முப்பது பவுண்டு என்று தீர்ப்பு.
ஐந்நூற்று ஐம்பது மாதம்.
இப்போது ஐம்பத்தெட்டு வயது அவருக்கு;
கடன் தீரும்போது
நூற்றுமூன்றும் முடிந்து பத்து மாதம் ஆகியிருக்கும்.
பட்டியல் கூட்டும் பழக்கத்தில்
இருமுறை சரிபார்த்தேன்.

வெளியே மழை. வேனையும் அன்றுதான் விற்றிருந்தார்.
ஹெடன் போகும் பேருந்து ஒன்றுதான்
அவர்கள் இருவருக்கும். எனக்கும்.
அவள் முன்னால், அவர் இரண்டு இருக்கை தள்ளிப் பின்னால்.
கடிகாரம் பார்ப்பது என் வியாதி:
ஓர் அலகு போயிற்று. இரண்டு. மூன்று.
துறைமுகச் சுவர் தாண்டியபோது
தொண்டையைச் செருமினார் பிளென்கின்.

'இன்னும் உள்ளேயே சுற்றுகிறதா, புகை?'

அவள் திரும்பவில்லை.
கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்தாள்.

'கிழக்குக் காற்றடித்தால் மட்டும்.'